காலிமனைக் காட்டுயிர்

சென்னைக்குத் தெற்கே எந்தப் புறநகர்த் தெருவுக்குள் போனாலும் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு காலிமனை இருக்கும். சுற்றிலும் சிமென்ட் கம்பங்கள், துருப்பிடித்த முள்கம்பி. நடுவில் ஒரு தகரப் பலகை: ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல.’ பலகையைச் சுற்றி எருக்கு, ஊமத்தை, நாயுருவி, தும்பை, மதிலுக்கு மேலே தலைகாட்டும் ஒரு சீமைக்கருவேலம். ஐப்பசி மழை பெய்தால் ஒரு மூலையில் பொங்கல் வரை தண்ணீர் நிற்கும். தெருக்காரர்களுக்கு அது குப்பை சேரும் இடம், பாம்பு வரும் இடம். மனைக்காரருக்கு அது இத்தனை சதுர அடி.

கேமராவோடு அதன் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றால் கணக்கு மாறிவிடும். எருக்க இலையின் அடியில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட ஒரு புழு இலையை விளிம்பிலிருந்து தின்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. முள்கம்பியில் ஒரு கரிச்சான். புல்லில் வெட்டுக்கிளி அசைந்ததும் இறங்கிக் கவ்விக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். கருவேல நிழலில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் சளசளக்கும். மதிலோரமாகக் கீரி ஒன்று நடந்து போகும். நாம் அசையாமல் நின்றால் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

அடுத்த வருடம் அந்த மனையில் நான்கு மாடி எழும்பிவிடலாம். அங்கே முன்பு என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் பத்திரத்தில் சர்வே எண் இருக்கும். கரிச்சானும் கீரியும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், நாம் குடியிருக்கும் தெருவை நாமே படமெடுக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து, திரும்பத் திரும்ப, தேதியோடு. அபூர்வமான பறவைக்காகக் காத்திருக்க வேண்டாம். தினமும் கண்ணில் படுவதுதான் முதலில் காணாமல் போகிறது, அதுவும் யாரும் கவனிக்காதபோது.

ஏரிகளின் நடுவே

வேளச்சேரி, மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று இன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்ட ஊர்களெல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்தவை. ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகும். அந்தப் பாதையில் தண்ணீர் இன்னும் போக முயல்கிறது. வழியில் வீடுகள் நிற்பதால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வீடுகளுக்குள் புகுந்தது.

பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அப்போது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். அதன் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. நடுவில் சதுப்பைக் கிழித்துக்கொண்டு போகும் பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை. சுற்றிலும் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள்.

குளிர்காலத்தில் அந்தச் சாலையோரம் நிற்கும் படக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பூநாரைகள் வரிசையாக இறங்கித் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேயும்போது எல்லா லென்ஸும் ஒரே வேலையைச் செய்யும்: பின்னால் நிற்கும் கட்டடத்தைத் தவிர்க்கும். ஓரமாகச் சாய்ந்து, குனிந்து, கொஞ்சம் நகர்ந்து, பறவையும் தண்ணீரும் மட்டும் தெரிகிற கோணத்தைத் தேடுவார்கள். படம் அழகாக வரும். ஆனால் அது சிலிகா ஏரியா, கட்ச் வளைகுடாவா, பள்ளிக்கரணையா என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்கு இதில் உடன்பாடில்லை. காட்டுயிர்ப் படக்கலையில் பின்னணியைத் துடைத்து எடுப்பது ஒரு மரபாகிவிட்டது. முதுமலையில் அதற்கு நியாயம் இருக்கலாம். புறநகரில் அப்படிச் செய்தால் செய்தியே போய்விடும். மென்பொருள் அலுவலகத்தின் கண்ணாடியில் காலைச் சூரியன் பட்டுத் தெறிக்க, அதன் கீழே கூழைக்கடா ஒன்று மீனை விழுங்குகிறது என்றால், அந்தக் கண்ணாடிதான் படத்தின் பாதி. மின்கம்பியும், கேபிள் ஒயரும், லாரியும், குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கள்ளப்பருந்தும் சட்டகத்துக்குள் இருக்கட்டும். பறவை எங்கே வாழ்கிறது என்பதைச் சொல்லாத படம் பறவையைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்கிறது.

முன்னோடி மயிலாப்பூரில் இருந்தார்

சாதாரண உயிர்களைச் சலிக்காமல் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். மயிலாப்பூரில் வாழ்ந்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை இறக்கும் வரை, 46 ஆண்டுகள் எழுதினார். அவர் எடுத்த யானைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே அமைத்துக்கொண்ட கருவியில், கறுப்பு வெள்ளையில் எடுத்தவை. ஆனால் அந்தப் பத்தியில் யானைக்குச் சமமாகக் காக்கையும் அணிலும் மைனாவும் பல்லியும் தெருநாயும் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்திருக்கிறார். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் லென்ஸ் பற்றிய காணொளிகளுக்கு முன்னால் அதைப் படிக்கலாம். எதைப் பார்ப்பது என்று தெரிந்த பிறகுதான் எப்படி எடுப்பது என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது.

வெளிநாட்டில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ப்ராக் நகரத்து யோசெப் சுடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். இரண்டாம் போரின்போது நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில் தன் பட்டறையின் ஜன்னலைப் படமெடுக்கத் தொடங்கினார். அதே ஜன்னல், கண்ணாடியில் நீர் படியும் நாள், பனி ஒட்டும் நாள், வெளியே முறுக்கிய ஒரு மரம். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தார். ஒரு கைக்காரர் ஒரு ஜன்னலை வைத்துக்கொண்டு செய்தது புகைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது.

தெருவின் பன்னிரண்டு மாதம்

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்கு நாட்காட்டி மாறிவிடும்.

தை பிறக்கும்போது சென்னையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும். மின்கம்பிகளில் தகைவிலான்கள் நெருக்கமாக உட்கார்ந்து இறகு கோதும். வடக்கே வெகுதொலைவிலிருந்து வந்தவை, பங்குனிக்குள் போய்விடும். கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்தால் அந்த ஒரு மரம் போதும். தேன்சிட்டு, மைனா, கரிச்சான், காக்கை, அணில் எல்லாம் தேனுக்கு வரும். மைனாவின் நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருப்பதை அருகில் எடுத்தால் மரத்துக்கும் பறவைக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

மாசி கடைசியில் குயில் கூவத் தொடங்கும். கூவுவது கறுப்பான ஆண். உடல் முழுக்கப் புள்ளி போட்ட பெண்குயிலைப் பலர் வேறு பறவை என்றே நினைக்கிறார்கள். காக்கை கூடு கட்டும் வேலையில் இறங்குவதைக் குயில் வேவு பார்க்கும். அந்தக் கூட்டை நன்றாகக் கவனியுங்கள். சுள்ளியோடு சுள்ளியாகக் கட்டுக்கம்பியும் ஒயர்த் துண்டும் வளைத்துச் செருகப்பட்டிருக்கும். கட்டட வேலை நடக்கும் தெருவில் காக்கைக்குச் சுள்ளியைவிடக் கம்பி சுலபமாகக் கிடைக்கிறது.

கத்திரி வெயிலில் பறவைகள் அலகைத் திறந்து வைத்துக்கொண்டு நிழலில் நிற்கும். தண்ணீர் லாரி வந்து குழாயை மாட்டும் இடத்தில் சொட்டும் நீர் தேங்கி ஒரு சின்னக் குட்டை உண்டாகும். லாரி நகர்ந்ததும் மைனாக்கள் இறங்கிக் குளிக்கும். குடத்தோடு நிற்கும் பெண்கள், பின்னால் லாரியின் பச்சை டேங்க், முன்னால் சிறகைச் சிலிர்த்து நீர் தெறிக்கும் மைனா. புறநகரின் கோடையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் காட்சி எனக்குத் தெரியாது.

ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கும். பொன்னிறத்தில் பெரும்பாலும் ஒரே இனம். மழைக்காற்றோடு இடம்பெயர்கிற இனம் அது. இந்தியாவிலிருந்து மாலத்தீவைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் கடந்து போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானத்தின் மேல் பறக்கிற பூச்சிக்கு அப்படி ஒரு பயணம் இருக்கிறது.

அதே மாதத்தில் ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும் வழியில் சென்னையின் தோட்டங்களில் தங்கும். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் இந்தப் பெயர். இரவுப் பயணத்தில் களைத்து வீட்டுக்குள்ளோ மாடிப்படியிலோ விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கண்டால் முதலில் படமெடுக்காதீர்கள். காற்றுப் போகிற ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் விட்டால் பெரும்பாலும் தேறிக்கொள்ளும். மரத்தடியில் பெட்டியைத் திறந்துவிடும்போது, அது போகும்போது, எடுத்துக்கொள்ளலாம்.

மழை இறங்கிய இரவில் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். கம்பத்தில் பல்லிகள் காத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் கரிச்சான் இரவிலும் வேட்டையாடும். பலர் இதைப் பார்த்ததே இல்லை. விளக்கையே நம்பி, வேகத்தைக் குறைத்து எடுத்தால் ஈசல்கள் ஒளிக்கோடுகளாகவும் கரிச்சான் ஒரு கறுப்புத் தீற்றலாகவும் வரும். மார்கழியில் காலிமனைத் தண்ணீரில் பவளக்கால் உள்ளான்கள் நடக்கும். எதிர் வாசலில் கோலம். இரண்டும் ஒரே சட்டகத்தில் அடங்குகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன.

வெளிச்சமும் தூரமும்

சென்னைப் புறநகரில் நல்ல வெளிச்சம் குறைந்த நேரத்துக்குத்தான் கிடைக்கும். கோடையில் ஐந்தே முக்காலுக்குச் சூரியன் எழுந்தால் எட்டு மணிக்குள் நிழல்கள் கறுத்துத் தடித்துவிடும். ஒன்பதுக்கு மேல் தார்ச்சாலையின் சூடு காற்றை அலைய வைக்கும். அந்த அலையின் ஊடே தொலைவு லென்ஸில் எடுத்த படம் மழுங்கித்தான் வரும். பலர் லென்ஸைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். குறை சாலைச் சூட்டில் இருக்கிறது. சீக்கிரம் எழுவதும் இன்னும் நெருங்குவதும்தான் வழி.

கேமரா வெளிச்சத்தை அளக்கும்போது எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைக் கொக்கு இருண்ட தண்ணீரில் நின்றால், தண்ணீரை நம்பி வெளிச்சத்தைக் கூட்டி, கொக்கின் இறகை வெளுத்த காகிதமாக்கிவிடும். அப்போது ஒரு படி குறைக்க வேண்டும். காக்கை வெளுத்த வானத்துக்கு எதிரில் உட்கார்ந்தால் நேர்மாறு. ஒரு படி கூட்டினால்தான் காக்கையின் கழுத்துச் சாம்பலும் சிறகின் நீலப் பளபளப்பும் தெரியும். காக்கையை ஒழுங்காக எடுக்கத் தெரிந்தவருக்கு எந்தப் பறவையும் கைவரும் என்பது என் நம்பிக்கை. பயிற்சிக்கு அதுதான் தினமும் கிடைக்கிறது.

வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்த பறவைக்கு 1/250 வினாடி போதும். வெண்மார்பு மீன்கொத்தி பாயும்போது 1/2000 தேவைப்படும்.

உயரம்தான் பலரும் மறக்கிற விஷயம். நின்ற இடத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் ஓணானும் வாலாட்டிக் குருவியும் தரையோடு ஒட்டிய கறையாகத் தெரியும். முழங்காலிட்டு, முடிந்தால் படுத்து, அவற்றின் கண் மட்டத்துக்கு வந்தால் அவை ஆளாகிவிடும். தெருவில் படுப்பதற்குக் கூச்சமாக இருந்தால் கேமராவின் திரையைத் திருப்பி வைத்துத் தரையில் பிடிக்கலாம்.

மறைந்திருக்கக் கூடாரம் வேண்டாம். சமையலறை ஜன்னல் போதும். கறிவேப்பிலைச் செடியும் எலுமிச்சையும் முருங்கையும் உள்ள பின்கட்டு இருந்தால் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவதிலிருந்து கூட்டுப்புழு வெடிப்பது வரை வீட்டுக்குள் நின்றே எடுக்கலாம். தெருவோரம் நிற்கும் காரும் நல்ல மறைவிடம். காருக்குள் இருக்கும் மனிதரைப் பறவைகள் பொதுவாக மனிதராக எண்ணுவதில்லை.

கைபேசி வைத்திருப்பவர் பறவையை விட்டுவிட்டுப் பூச்சிக்குப் போகலாம். எருக்கஞ்செடி ஒன்றே பள்ளிக்கூடம். வெந்தய வரியன் எருக்கம்பாலின் நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருப்பதால் பறவைகள் அதைத் தின்னத் தயங்கும். அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொள்ள வேறோர் இனத்தின் பெண் பூச்சி அச்சாக அதே நிறத்தில் இருக்கும். பறக்கும்போது வித்தியாசம் தெரியாது. படமெடுத்துப் பெரிதாக்கிப் பின்னிறகைப் பார்த்தால் வெந்தய வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கும். போலிக்கு அங்கே ஒன்றுதான். கண்ணால் முடியாததைப் படம் செய்து தரும் இடம் இது.

எதுக்கு சார் எடுக்கறீங்க?

இந்தக் கேள்வி எல்லாத் தெருவிலும் வரும். அதில் நியாயம் இருக்கிறது. கேமராவோடு வருகிறவர் நிலம் அளக்க வந்தவராக இருக்கலாம், ஆக்கிரமிப்பு எடுக்க வந்தவராக இருக்கலாம், பெண்களை எடுக்கிறவராகக்கூட இருக்கலாம். கோபப்படாமல் திரையைக் காட்டினால் போதும். கம்பியிலிருக்கும் பஞ்சுருட்டானைப் பெரிதாக்கிக் காட்டினால், கேட்டவர் பெரும்பாலும் அடுத்த வாரம் தானே வந்து, “அந்த மனையில ஏதோ ஒண்ணு கத்துது, வந்து பாருங்க” என்பார். தெருவின் சிறந்த தகவலாளிகள் காலையில் சீக்கிரம் வெளியே வருகிறவர்கள். பால் போடுபவர், பூக்கட்டும் அம்மா, தூய்மைப் பணியாளர்கள், இரவுக் காவலர். உடும்பு எந்த மடையில் நுழைகிறது, ஆந்தை எந்தப் பொந்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களும் தெருவின் படத்தில் இருக்க வேண்டியவர்கள்தான். புளியமரத்தடி இஸ்திரி வண்டி, பெட்டியில் கனலும் கரி, அந்தக் கரியை விசிறும் கை, மேலே கிளையில் அணில்: இதெல்லாம் ஒரே வாழ்க்கை. ஆனால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கோலம் போடும் பெண்ணை மாடியிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுப்பது கலையாகாது. குழந்தைகளைப் பெற்றோர் சம்மதமின்றி எடுக்கக் கூடாது. குப்பை அள்ளுகிறவரின் களைப்பை எடுத்துப் பரிசு வாங்குகிற படங்கள் எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கின்றன; அவர் பார்க்க விரும்பும்படி அவரை எடுத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொண்டால் போதும். எடுத்த படத்தை ஆறுக்கு நாலு அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். செலவு மிகக் குறைவு. அது அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்படும்.

எடுக்கக் கூடாத படம்

சிவப்புமூக்கு ஆள்காட்டி காலிமனையின் சரளைக்கல்லுக்கு நடுவே, கூடென்று சொல்ல ஒன்றுமில்லாமல், தரையிலேயே முட்டையிடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம். நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். அந்த வட்டமிடும் படம் மிக நன்றாக வரும், வெளிச்சமும் சிறகும் கோபமும் சேர்ந்து. ஆனால் நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகிறது. தன் வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கிற பறவை அது. அதன் வேலையை நாம் தடுத்து நிறுத்தியிருக்கிறோம். காக்கையும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் போனதும் அது இறங்கும்.

ஆகவே பறவை கத்தினால் விலகிவிட வேண்டும். கூட்டை எடுக்காமலிருப்பதே நல்லது. இலையை ஒதுக்கிக் கூட்டைத் திறந்து காட்டுவது, ஒலிப்பதிவைப் போட்டு ஆந்தையை வரவழைப்பது, இரவில் கண்ணுக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது, இரை கட்டி வைத்து எடுப்பது, இவை எதுவும் கூடாது. ஆந்தைப் பொந்து இருக்கும் மரத்தின் இடத்தைப் பொதுவில் சொல்லவே கூடாது. மூடநம்பிக்கைக்காக ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிருங்கள். கிளியைக் கூண்டில் வைத்திருப்பதைப் படமெடுத்து அழகென்று போடுவதும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டிலடைப்பது குற்றம்.

பாம்பு வந்த இடத்தில் கேமரா கூட்டம் சேர்க்கும், கூட்டம் கம்பைத் தேடும். சாரைக்கு நஞ்சில்லை, எலியைத்தான் தேடி வருகிறது என்று சொல்லி நாலு பேரை விலக்கி நிறுத்துகிறவர் அன்றைக்குப் படமெடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

தேதி போட்ட படம்

சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வேறொன்றைச் சொன்னது: நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில்தான் குறைகிறது. அந்த முடிவுக்கு அடிப்படை, பெரும்பாலும் பொதுமக்களான 15,500 பேர் பதிவுசெய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள். 2023இல் வந்த அடுத்த அறிக்கைக்கு 30,000 பேர் பங்களித்திருந்தார்கள். குயிலும் மயிலும் பெருகியிருப்பதாக அது சொல்கிறது. பனங்காடை பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருக்கிறது என்றும் சொல்கிறது.

பனங்காடை என்றால் திறந்தவெளியின் மின்கம்பியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பழுப்பும் நீலமுமான பறவை. பறக்கும்போதுதான் நீலம் முழுதாகத் தெரியும். புறநகரில் வயல் மனையாகி, மனை வீடாகும்போது அது உட்கார்ந்த கம்பி அப்படியே இருக்கும். கீழே பூச்சிக்கு இடமிருக்காது. எந்த வருடம் வரை அந்தக் கம்பியில் அது உட்கார்ந்திருந்தது என்று சொல்ல நம் தெருவில் யாரிடம் ஆதாரம் இருக்கிறது? சுமாரான ஒரு படம், மங்கலாக இருந்தாலும் சரி, தேதியோடு இருந்தால் அதுதான் ஆதாரம்.

தண்ணீருக்கும் இது பொருந்தும். மழை நின்ற மறுநாள் காலை, தெருவில் நீர் எதுவரை ஏறியது, எந்தத் திசையில் வடிகிறது, எந்த மனையில் தேங்குகிறது, எந்த மதகு அடைத்திருக்கிறது என்று ஒரே இடத்தில் நின்று வருடாவருடம் எடுத்த வரிசை, கால்வாய்க்கு மனு போடும் குடியிருப்போர் சங்கத்துக்குக் கோப்பு. கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை மெட்ரோ தூண்கள் எழுந்த சாலையில், தூண்களுக்கு முன் எந்த மரம் எங்கே நின்றது என்பதையும் இப்படித்தான் காட்ட முடியும்.

இதற்கு வேண்டிய ஒழுங்கு சிறியது. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: மொட்டைமாடியின் ஒரு மூலை, ஏரிக்கரையின் ஒரு கல், மனையின் ஒரு கம்பம். மாதம் ஒருமுறை அங்கிருந்து அதே திசையில் ஓர் அகலமான படம். பிறகு மனம்போல் பறவையும் பூச்சியும் ஆட்களும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், தெரு. இனம் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளில் இதையெல்லாம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். கைபேசியிலேயே விட்டுவைத்தால் கைபேசியோடு போய்விடும். இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

2015இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாட்கள் தமிழகப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். சதுப்பு நிலத்துக்கோ காட்டுக்கோ போகத் தேவையில்லை, காலிமனையின் ஓரம் போதும். காக்கையையும் மாடப்புறாவையும் மைனாவையும் விடாமல் எழுத வேண்டும். அரிய பறவையை மட்டும் குறித்த பட்டியலைவிட, கண்டதை எல்லாம் குறித்த பட்டியல்தான் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது.